எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உட்கரு சரியாகத் தெரியவில்லையா? அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செல்லின் உட்கருவைப் படம் பிடிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் பிழைகளை, படத்தில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை முதலில் வைத்து, அதிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் முறையில் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மனத்தில் வைத்திருப்பது வழக்கமான பாதைதான்: எலியின் கல்லீரல் போன்ற திசுவை 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, ஆஸ்மியம் டெட்ராக்சைடில் வைத்து, ஆல்கஹாலில் நீர் நீக்கி, எபாக்சி ரெசினில் பதித்து, வைரக் கத்தியால் 60 முதல் 80 நானோமீட்டர் தடிமனில் சீவி, யுரனைல் அசிட்டேட்டும் லெட் சிட்ரேட்டும் ஏற்றிப் பார்ப்பது. ஆய்வகத்தில் செக்‌ஷன் என்று சொல்வதையே சீவல் என்று எழுதுகிறேன்.

"கருவியில் ஏதோ கோளாறு" என்ற புகாரோடு வரும் உட்கருப் படங்களில் பெரும்பாலானவற்றில் கருவிக்கு எந்தப் பங்கும் இருப்பதில்லை. பிழை நேர்ந்த இடம் திசுவை வெட்டியெடுத்த மேசையாகவோ, பி.ஹெச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் இருந்த புட்டியாகவோ இருக்கும். அதனால் எந்த அறிகுறியைத் தொடங்கினாலும், அதே படத்தில் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்டிரியாவை முதலில் பாருங்கள். உட்கருவின் தோற்றம் செல்லின் நிலையைப் பொறுத்தும் மாறும், கரைசலில் உள்ள அயனிகளைப் பொறுத்தும் மாறும். எனவே அது தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்ல முடியாது. மைட்டோகாண்டிரியாவின் உள்மடிப்புகள் ஒழுங்காக, அவற்றின் உட்பகுதி சீரான சாம்பல் நிறத்தில் இருந்தால் நிலைப்படுத்தல் ஏற்கத்தக்கது. அவை வீங்கி, வெளிறி, மடிப்புகள் உடைந்திருந்தால் அந்தப் படத்தின் உட்கருவைப் பற்றி எதையும் எழுதாதீர்கள்.

உட்கரு வெளிறி, காலியாகத் தெரிகிறது

சைட்டோபிளாசத்தில் சவ்வுகள் கறுப்பாகவும் கூர்மையாகவும் இருக்கின்றன. உட்கரு மட்டும் யாரோ அழிப்பானால் தேய்த்ததுபோல் கிடக்கிறது. இதற்கு முதல் காரணம் சாயம். ஆஸ்மியம் கொழுப்புகளோடு நன்றாக வினைபுரியும், டி.என்.ஏ.வோடு ஏறத்தாழ வினைபுரிவதே இல்லை. ஆகவே ஆஸ்மியம் எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும் அது உட்கருவுக்குக் கறுப்பைத் தராது. டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த குரோமாட்டினுக்கு அந்த வேலையைச் செய்வது யுரனைல் அயனி. ரெசினில் பதிப்பதற்கு முன்பே திசுத் துண்டை 1 சதவீத நீர்ம யுரனைல் அசிட்டேட்டில் இருட்டில் ஊறவைத்துவிட்டு, பிறகு சீவலின்மீதும் ஒருமுறை ஏற்றினால் வேறுபாடு உடனே தெரியும். யுரனைல் கரைசல் ஒளி பட்டால் சிதையும் என்பதால், பழுப்புப் புட்டியில் இல்லாத, எப்போது கலக்கியது என்று எழுதப்படாத கரைசலை நம்ப வேண்டாம்.

சாயம் புதிதாக இருந்தும் உட்கரு வெளிறினால் அயனிகளைச் சந்தேகிக்க வேண்டும். மக்னீசியமும் கால்சியமும் குரோமாட்டினை இறுக்கமாக வைத்திருக்கின்றன. அவை இல்லாத, உப்பு குறைந்த கரைசலில் அது பரவி விரிந்துவிடும். செல்லிலிருந்து பிரித்தெடுத்த உட்கருக்களில் இது கண்கூடாகத் தெரியும்: இந்த அயனிகளைப் பற்றி இழுத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கலந்த கரைசலில் வைத்தவை பலூன்போல் வீங்கி உள்ளே மங்கிவிடும், 5 மில்லிமோலார் மக்னீசியம் உள்ள கரைசலில் வைத்தவை இறுகிக் கறுக்கும். இரண்டில் எது உயிருள்ள செல்லின் நிலை என்று கேட்டால், இரண்டுமே அல்ல என்பதே பாதுகாப்பான விடை. முழுத் திசுவுக்கு, கக்கோடைலேட் தாங்கல் கரைசலில் 1 முதல் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம். பாஸ்பேட் கரைசலில் அதைச் சேர்க்காதீர்கள். கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிந்துவிடும். கக்கோடைலேட்டில் ஆர்சனிக் இருப்பதால் கையுறை கட்டாயம், கழிவுத் தொட்டியும் தனியாக வேண்டும்.

குரோமாட்டின் திட்டுத்திட்டாகக் கட்டியிருக்கிறது, இடையில் வெள்ளை வெளி

எந்தக் கல்லீரல் செல் உட்கருவிலும் உறையை ஒட்டிய ஹெட்டிரோகுரோமாட்டின், அதாவது இறுகிய குரோமாட்டின், கொஞ்சம் இருக்கும், அது இயல்பு. இங்கே சொல்வது வேறு: கட்டிகள் முரட்டு விளிம்போடு, அவற்றுக்கு இடையில் மணிகளோ இழைகளோ இல்லாத வெறும் வெள்ளையாக இருப்பது. திசு நிலைப்படுத்தியைச் சந்திப்பதற்கு முன் ஆக்சிஜன் இன்றிச் சில நிமிடங்கள் கிடந்தாலே இது நேரும். ஆக்சிஜன் அற்ற செல்லில் அமிலத்தன்மை ஏறுகிறது, அமிலத்தில் குரோமாட்டின் கட்டிக்கொள்கிறது. நிலைப்படுத்தியின் பி.ஹெச். 7.2 முதல் 7.4 வரை இல்லாமல் கீழே இறங்கியிருந்தாலும் இதே தோற்றம் வரும். நாள்பட்ட குளூட்டரால்டிஹைடு தானாகவே அமிலமாகிக்கொண்டு போகும் பொருள் என்பதை மறக்கக் கூடாது.

துண்டின் அளவை அடுத்துச் சரிபாருங்கள். குளூட்டரால்டிஹைடு புரதங்களை நன்றாகப் பிணைக்கும், ஆனால் மெதுவாகத்தான் உள்ளே நுழையும். ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட ஊடுருவாது. 3 மில்லிமீட்டர் துண்டைப் போட்டுவிட்டு அதன் நடுப்பகுதியில் நல்ல உட்கருவைத் தேடுவது வீண். ஒரு பக்கமாவது அரை மில்லிமீட்டருக்கு மிகாமல் நறுக்குங்கள். விரைவாக ஊடுருவும் ஃபார்மால்டிஹைடைக் குளூட்டரால்டிஹைடோடு கலந்து பயன்படுத்துங்கள். முடிந்தால் இரத்தக் குழாய் வழியாகவே செலுத்துங்கள். துண்டின் மேற்பரப்பை ஒட்டிய செல்களில் உட்கரு நன்றாகவும் உள்ளே போகப்போகக் கட்டியாகவும் இருந்தால் காரணம் இதுதான்.

இந்தக் கட்டிகளை அப்போப்டோசிஸ், அதாவது செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் மரணம், என்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. அப்போப்டோசிஸில் குரோமாட்டின் உறையின் ஓரத்தில் வழவழப்பான விளிம்புள்ள பிறைகளாகத் திரளும், செல் சுருங்கும், ஆனால் மைட்டோகாண்டிரியா பெரும்பாலும் உருக்குலையாமல் இருக்கும். அக்கம்பக்கத்துச் செல்கள் இயல்பாகவே இருக்கும். பார்க்கும் உட்கரு எல்லாமே ஒரேபோல் கட்டியிருந்தால் அது உங்கள் மேசையில் நடந்த மரணம்.

உட்கரு உறையின் இரு சவ்வுகளும் விலகி நிற்கின்றன

இரு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பொதுவாக 20 முதல் 40 நானோமீட்டர். அது ஆங்காங்கே கொப்புளமாக உப்பி, வெளிச் சவ்வு சைட்டோபிளாசத்துக்குள் தள்ளப்பட்டிருந்தால், எண்டோபிளாச வலையையும் பாருங்கள். வெளிச் சவ்வு அந்த வலையின் தொடர்ச்சியே ஆதலால் இரண்டும் சேர்ந்தேதான் வீங்கும். தாங்கல் கரைசலின் சவ்வூடு அழுத்தம் குறைவாக இருந்ததோ, நிலைப்படுத்தல் தாமதமானதோ காரணமாக இருக்கும். குளூட்டரால்டிஹைடு சவ்வுகளை எளிதாகக் கடந்துவிடுவதால், அதைச் சேர்த்து வரும் மொத்த அழுத்தத்தைவிட, தாங்கல் கரைசலுக்கென்று உள்ள அழுத்தமே முக்கியம்; பாலூட்டித் திசுவுக்கு அது 300 மில்லி ஆஸ்மோலுக்கு அருகில் இருக்குமாறு சுக்ரோஸ் சேர்த்துச் சரிசெய்யலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்லில் இந்த இடைவெளி இயல்பாகவே அகன்று, உள்ளே புரதம் நிறைந்திருக்கும். அப்போது இடைவெளி சாம்பல் நிறமாக, நுண்ணிய இழைப்பொருளோடு தெரியும். வீக்கத்தில் வெறும் வெள்ளையாகத் தெரியும்.

உறையே தெரியவில்லை, விளிம்பு மங்கலாக இருக்கிறது

இதைப் பிழை என்று கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் சாய்வு மேடையைத் திருகச் சொல்வேன். சீவல் உட்கருவின் நடுவில் போனால் உறை செங்குத்தாக வெட்டுப்பட்டு இரண்டு கோடுகளாகத் தெரியும். உச்சிப் பக்கம் உரசிப் போனால் சவ்வு சீவலின் தடிமனுக்குள் சரிந்து கிடப்பதால் புகைபோல் பரவும். மாதிரியை 20 அல்லது 30 பாகை சாய்த்துப் பாருங்கள்: உட்கருவின் ஒரு பக்க விளிம்பு கூர்மையாகி, எதிர்ப்பக்க விளிம்பு மேலும் மங்கினால் சீவல் உரசிப் போனதே காரணம், சந்தேகமே இல்லை.

அந்தப் படத்தைத் தூக்கியெறியவும் வேண்டாம். உரசிச் சென்ற சீவலில்தான் உட்கருத் துளைகள் மேலிருந்து பார்ப்பதுபோல், ஏறத்தாழ 120 நானோமீட்டர் விட்டமுள்ள வளையங்களாகத் தெரியும். 1950இல் காலனும் டாம்லினும் நீர்நில வாழ்வியின் முட்டைச் செல்லில் உறையைத் தனியே பிரித்தெடுத்துப் பரப்பிப் பார்த்தபோது துளைகள் வெளிப்பட்டதும் இப்படி மேலிருந்து பார்த்த கோணத்தால்தான்.

உட்கருவுக்குள் கறுப்புப் புள்ளிகள்

நேரத்தை மிகுதியாக விழுங்கும் அறிகுறி இதுதான். காரணங்கள் பல, தோற்றமோ ஒன்றுபோலவே இருக்கும். ஒருமுறை ஒரு மாணவர் கல்லீரல் செல் உட்கருவில் 40 நானோமீட்டர் அளவுள்ள கரிய உருண்டைகள் சிலவற்றைக் காட்டி, வைரஸ் என்று உறுதியாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் இருந்தது. எல்லாமே குரோமாட்டின் கட்டிகளின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தன. எங்கும் கூட்டமாக இல்லை. அவை பெரிகுரோமாட்டின் மணிகள், ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்தவை, ஆரோக்கியமான செல்லிலும் இருப்பவை. 30 முதல் 50 நானோமீட்டர் விட்டமும் சுற்றியுள்ள வெள்ளை வளையமும் அவற்றின் அடையாளம். உட்கருவில் பெருகும் அடினோவைரஸ் ஏறத்தாழ 90 நானோமீட்டரும், ஹெர்ப்பிஸ் வைரஸின் கேப்சிட் என்ற புரதக் கூடு ஏறத்தாழ 125 நானோமீட்டரும் இருப்பதால் அவற்றோடு குழம்ப வாய்ப்பில்லை. பாலியோமா வகை வைரஸ்கள் மட்டும் 45 நானோமீட்டர் அளவில் வந்து ஏமாற்றக்கூடும். ஆனால் அவை நூற்றுக்கணக்கில் திரண்டு, சில இடங்களில் படிகம்போல் வரிசைகட்டி நிற்கும். மாணவர் எண்ணியது 11 மணிகள்.

உயிர்ப்பொருளா, அழுக்கா என்று பிரிக்க, நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. முதலில் திசுவே இல்லாத வெறும் ரெசின் பகுதிக்குப் போங்கள். புள்ளிகள் அங்கேயும் இருந்தால் அவை சாயமேற்றும்போது சீவலின்மேல் படிந்தவை: ஊசிகளாகவோ ஊசிக் கொத்துகளாகவோ இருந்தால் யுரனைல், அடர்ந்த உருண்டைத் துகள்களாக இருந்தால் லெட் கார்பனேட். லெட் சிட்ரேட் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைப் பிடித்துக் கார்பனேட்டாக வீழ்படியும். ஆகவே மூடிய பெட்ரி தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சுற்றி வைத்து, நடுவில் துளி விட்டு, அதன்மேல் கிரிட்டை, அதாவது சீவலைத் தாங்கும் சிறு உலோக வலையை, கவிழ்க்க வேண்டும். கழுவும் நீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன்மேல் குனிந்து மூச்சுவிடக் கூடாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கழுவினால் இந்தத் துகள்கள் கரையும், கூடவே சாயமும் போய்விடும், மறுபடி ஏற்ற வேண்டும்.

வெறும் ரெசின் சுத்தமாக இருந்து, திசுவில் மட்டும் புள்ளிகள் இருந்தால், சாயமே ஏற்றாத ஒரு சீவலைப் பாருங்கள். அதிலும் அதே கறுப்புத் தூள் இருந்தால் அது பதிப்பதற்கு முன்பே திசுவுக்குள் உண்டானது. மிளகுத்தூள் தூவியதுபோல், அளவில் ஒழுங்கில்லாமல், பெரும்பாலும் உட்கருவிலேயே அடர்ந்து தெரியும் இந்தத் தூளுக்கு, எஞ்சிய குளூட்டரால்டிஹைடும் பாஸ்பேட்டும் ஆஸ்மியத்தையோ யுரனைலையோ சந்தித்ததே வழக்கமான காரணம். அதைச் சீவலிலிருந்து நீக்க முயன்று நாளைக் கழிக்காதீர்கள். அடுத்த துண்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் தாங்கல் கரைசலை மூன்று முறையாவது மாற்றிக் கழுவுங்கள், யுரனைலுக்கு முன் பாஸ்பேட்டை முழுமையாக வெளியேற்றி நீருக்கு மாறுங்கள், அல்லது கக்கோடைலேட்டுக்கே போய்விடுங்கள்.

சாயமேற்றாத சீவலில் மறைந்து, ஏற்றியபின் வரும் மணிகளைத்தான் உயிர்ப்பொருள் என்று எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்கலாம். பெரிகுரோமாட்டின் மணிகளைவிடச் சிறியவை, 20 முதல் 25 நானோமீட்டர் அளவில் குரோமாட்டினுக்கு இடைப்பட்ட வெளியில் கொத்தாகக் கிடந்தால் அவை இன்டர்குரோமாட்டின் மணிகள்.

உட்கருமணி ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிகிறது

உட்கருமணியில் (நியூக்ளியோலஸ்) வெளிறிய இழை மையங்கள், அவற்றைச் சூழ்ந்த அடர் இழைப் பகுதி, வெளியே மணிப் பகுதி என மூன்றும் பிரிந்து தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் சீவல் தடித்திருக்கிறது அல்லது சாயம் மிகுந்திருக்கிறது. கத்தியை ஒட்டிய தொட்டி நீரில் மிதக்கும்போது சீவலின் நிறத்தைப் பாருங்கள்: தங்கம் வேண்டாம், சாம்பல் கலந்த வெள்ளி வேண்டும். லெட் சிட்ரேட் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

உட்கருமணியே காணவில்லை என்பது பெரும்பாலும் கேள்வியே அல்ல. 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கருவை 60 நானோமீட்டராகச் சீவினால் நூற்றுக்கும் மேற்பட்ட சீவல்கள் வரும். ஓரிரு மைக்ரோமீட்டர் உட்கருமணி அவற்றில் ஒரு பகுதியில்தான் விழும்.

ஈ.டி.டி.ஏ. முறையில் குரோமாட்டின் வெளிறவில்லை

1969இல் பெர்னார் வெளியிட்ட இந்த முறையில், யுரனைல் ஏற்றிய சீவலை ஈ.டி.டி.ஏ. கரைசலில் மிதக்கவிட்டால் டி.என்.ஏ. உள்ள குரோமாட்டின் சாயத்தை முதலில் இழக்கும், ஆர்.என்.ஏ. உள்ள அமைப்புகள் கறுப்பாகவே நிற்கும். வெளிறவில்லையென்றால், அந்தத் திசு ஆஸ்மியத்தில் வைக்கப்பட்டதா என்று பதிவேட்டில் பாருங்கள். இந்த முறை ஆல்டிஹைடு மட்டும் கண்ட திசுவுக்கானது. ஆஸ்மியம் இல்லாத பிளாக்கிலும் (ரெசினில் பதித்த திசுக் கட்டி) வெளிறவில்லை என்றால் நேரம் போதவில்லை. எல்லாமே வெளிறிவிட்டால் நேரம் மிகுந்துவிட்டது. அடுத்தடுத்த சீவல்களை வெவ்வேறு நேரத்துக்கு மிதக்கவிட்டுத்தான் அந்தந்தத் திசுவுக்கு உரிய அளவைக் கண்டுபிடிக்க முடியும்.

கோடுகள், ஓட்டைகள், முட்டை வடிவ உட்கருக்கள்

கத்தி முனைக்கு இணையாக, சீரான இடைவெளியில் அலை அலையாகப் பட்டைகள் வந்தால் வெட்டும்போது அதிர்வு. வேகத்தைக் குறைத்து, பிளாக்கின் முகத்தைச் சிறிதாக்கி, பிடியை இறுக்குங்கள். கத்தி முனைக்குச் செங்குத்தான கோடுகள் கத்தியில் ஏற்பட்ட பல் அல்லது ஒட்டிய அழுக்கு. உட்கருவில் மட்டும் சீவல் கிழிந்து ஓட்டை விழுந்தால் ரெசின் அங்கே நுழையவில்லை என்று பொருள். நீர் நீக்கத்தின் கடைசிக் கட்ட ஆல்கஹாலில் நீர் இருந்திருக்கும். கடலோர ஊர்களில், மழைக்கால ஈரக்காற்றில் ஒருமுறை திறந்து மூடிய 'முழுமையான' ஆல்கஹால் புட்டி அடுத்த வாரம் முழுமையானதாக இராது. நீரை உறிஞ்சும் மூலக்கூறுச் சல்லடை போட்டு வைத்த, அன்று பிரித்த புட்டியைப் பயன்படுத்துங்கள். பிளாக்கை 60 பாகை செல்சியஸில் இரண்டு நாள் வைத்தும் நகம் பதியும் அளவுக்கு மென்மையாக இருந்தால் அதற்கும் ஈரமே முதல் சந்தேகம்.

உருண்டையான உட்கருக்கள் எல்லாமே ஒரே திசையில் நீண்டு தெரிந்தால் அது வெட்டும்போது நேர்ந்த அமுக்கம். குளோரோஃபார்ம் ஆவியைச் சீவலுக்கு மேலே ஒரு கணம் காட்டினால் ஓரளவு விரியும். உட்கருவின் பரப்பளவை அளக்கப்போகிறவர்கள் இதைச் சரிசெய்யாமல் அளக்கவே கூடாது.

உயர் அழுத்த உறைவித்தலில் உட்கருவுக்குள் வலைப்பின்னல்

2100 பார் அழுத்தத்தில் உறைய வைத்து, அசிட்டோனில் நீரை மாற்றிய மாதிரிகளில், சைட்டோபிளாசம் அழகாக இருக்க, உட்கருவுக்குள் மட்டும் சீரான கண்ணிகளுள்ள வலை ஒன்று தெரியும். புதிதாகப் பார்ப்பவருக்கு அது குரோமாட்டின் வலையாகவே தோன்றும். அது பனிப்படிகங்கள் வளர்ந்து, குரோமாட்டினை ஓரம் தள்ளிய தடம். பனிச் சேதத்தை முதலில் காட்டிக்கொடுப்பது உட்கருவே. மாதிரியின் தடிமன் 200 மைக்ரோமீட்டரைத் தாண்டியதா, செல்களைச் சுற்றி நீர் வெறுமனே நின்றதா என்று பாருங்கள். செல்களைச் சுற்றியுள்ள இடத்தை டெக்ஸ்ட்ரான் அல்லது ஆல்புமின் போன்ற நிரப்பியால் நிறைத்து மறுபடி உறைய வையுங்கள்.

30 நானோமீட்டர் இழை தெரியவில்லை

பாடநூலில் உள்ள, குரோமாட்டினின் 30 நானோமீட்டர் தடித்த சுருள் இழையைத் தேடிச் சலித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1976இல் ஃபிஞ்சும் குளுக்கும் முன்வைத்த அந்தச் சுருள், செல்லுக்கு வெளியே உப்பின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்த குரோமாட்டினிலிருந்து வந்தது. 2008இல், சாயமோ நிலைப்படுத்தியோ இன்றிக் கண்ணாடிபோல் உறைந்த மனிதச் செல்களைச் சீவிப் பார்த்தபோது, பிரிந்துகொண்டிருக்கும் குரோமோசோம்களில்கூட அந்த இழை காணப்படவில்லை. 2017இல், டி.என்.ஏ.வில் ஒட்டும் ஒளிர் சாயத்தைக் கொண்டு ஆஸ்மியத்தை அங்கேயே படியவைத்துப் பார்த்த முறையில், 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறும் ஒழுங்கற்ற இழைகளே தெரிந்தன. உங்கள் படத்தில் அது இல்லையென்றால் எதையும் திருத்த வேண்டாம். கோழியின் சிவப்பணு போன்ற சில தனிச் செல்களில் அது இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

எல்லாமே மங்கல்

கருவியைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான், அதையும் உட்கருவை வைத்துச் சோதிக்கக் கூடாது. கார்பன் படலத்துக்குப் போய், படத்தின் ஃபூரியே உருமாற்றத்தை, அதாவது படத்திலுள்ள நுண்விவரங்களை வளையங்களாகக் காட்டும் கணக்கீட்டை, திரையில் போடுங்கள். வளையங்கள் நீள்வட்டமானால் உருப்பிறழ்ச்சி (அஸ்டிக்மேட்டிசம்), அதைத் திருத்தும் ஸ்டிக்மேட்டரைச் சரிசெய்யுங்கள். ஒரு திசையில் மட்டும் வளையங்கள் அறுந்துபோனால் மாதிரி நகர்கிறது. கிரிட் தளர்வாக இருக்கலாம், அல்லது கற்றை பட்டவுடனே படம் எடுத்திருப்பீர்கள், இரண்டு நிமிடம் காத்திருங்கள். கூர்மை இருந்தும் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தால் சிதறிய எலக்ட்ரான்களைத் தடுத்து வேறுபாட்டைக் கூட்டும் அப்ஜெக்டிவ் அப்பெர்ச்சர் செருகப்பட்டிருக்கிறதா, மின்னழுத்தம் 120 கிலோவோல்ட்டிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். சாதாரணச் சீவலுக்கு 80 போதும். கார்பன் படலத்தில் வளையங்கள் வட்டமாகவும் முழுமையாகவும் இருந்து, உட்கரு மட்டும் இன்னும் மங்கினால், பொறியாளரை அழைக்காமல் அதே பிளாக்கிலிருந்து இன்னொரு சீவலை வெட்டிப் பாருங்கள்.